பாடசாலை விடுமுறைக் காலப் பிள்ளைப் பராமரிப்பு: கட்டணத்தை எப்படி ஒழுங்கு செய்கிறீர்கள்?

ஹரோ பராமரிப்பாளர் (இழையைத் தொடங்கியவர்), 9 நவம்பர் 2025

அனைவருக்கும் வணக்கம். நான் லண்டன் ஹரோவில் ஏழு ஆண்டுகளாக, பிள்ளைப் பராமரிப்பைக் கண்காணிக்கும் அரச அமைப்பான ஒஃப்ஸ்டெட்டில் பதிவு செய்து, என் வீட்டிலேயே பிள்ளைகளைப் பராமரித்து வருகிறேன். தவணைக் காலக் கட்டணத்தில் எனக்கு ஒருபோதும் சிக்கல் வந்ததில்லை. மூன்று மணிக்குப் பாடசாலை வாசலில் நின்று கூட்டி வந்து ஆறு மணி வரை வைத்திருந்தால், மணிக்கு 7 பவுண் வீதம் நாளொன்றுக்கு 21 பவுண். இது எல்லோருக்கும் விளங்கும் கணக்கு. முழு நாளும் பிள்ளை நிற்கும் விடுமுறை நாட்களுக்கு 60 பவுண் எடுக்கிறேன். ஆனால் எந்த விடுமுறை நாளுக்கு எடுப்பது, பிள்ளை வராத வாரத்துக்கு என்ன செய்வது என்பதை நான் எழுத்தில் வைக்கவில்லை. அதன் பலனைச் சென்ற கோடையில் அனுபவித்தேன்.

ஆறு வயதுப் பிள்ளை ஒன்றின் பெற்றோர் ஜூன் நடுப்பகுதியில்தான், நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போவதாகவும், பிள்ளை ஐந்து வாரம் வராது என்றும், வராத நாளுக்குக் காசு இல்லைத்தானே என்றும் சொன்னார்கள். அதற்கு முந்தைய மாதம் வேறொரு குடும்பம் கோடை முழுவதற்கும் இடம் கேட்டு வந்தபோது, இடமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தேன். என் சொந்த மகனுக்கு ஏழு வயது என்பதால் அவனும் எண்ணிக்கையில் சேர்கிறான். இன்னொரு பிள்ளையை எடுக்கச் சட்டப்படி எனக்கு இடமே இருக்கவில்லை. ஐந்து வாரத்துக்கு 1500 பவுண் போயிற்று. அந்தப் பிள்ளையின் பெயரெழுதிய கொளுக்கியில் அதன் வெயில் தொப்பி ஐந்து வாரமும் தொங்கியபடியே இருந்தது.

அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றை அவர்கள் மீறவும் இல்லை. வரும் ஆண்டுக்கு ஒரு நேரான ஒழுங்கை எழுத விரும்புகிறேன். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று விளக்கமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

டூட்டிங் அக்கா, 9 நவம்பர்

தங்கச்சி, பதினெட்டு ஆண்டுகளாக இதே வேலையைச் செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன். நாம் விற்பது மணித்தியாலத்தை அல்ல, இடத்தை. பெற்றோருக்கு முதலில் விளங்க வேண்டியது இதுதான். அது விளங்கிவிட்டால் மிச்சக் கதையெல்லாம் இலகுவாகிவிடும்.

இங்கிலாந்தில் ஒரு பராமரிப்பாளர் ஒரே நேரத்தில் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பிள்ளைகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த ஆறு பேரில் ஏறத்தாழ ஐந்து வயது வரையான சின்னப் பிள்ளைகள் பொதுவாக மூன்று பேர்தான் இருக்கலாம். தவணைக் காலத்தில் பாடசாலைப் பிள்ளை மூன்று மணித்தியாலம்தான் அந்த இடத்தைப் பிடிக்கிறது. விடுமுறையில் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை பிடிக்கிறது. கடையில் விற்காத பொருளை நாளைக்கு விற்கலாம். இன்றைக்கு வெறுமையாக இருந்த இடத்தை நாளைக்கு விற்க முடியாது. ஒன்லைனில் இடம் தேடும் தாய்மார் பலர் பெப்ரவரியிலேயே கோடைக்கு ஒழுங்கு செய்து முடித்து விடுகிறார்கள். ஜூனில் வெறுமையான இடத்துக்கு ஆள் பிடிப்பது மிகவும் கடினம்.

என் ஒழுங்கு இதுதான். ஜனவரியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள் கொடுப்பேன். அதில் அந்த ஆண்டின் பதின்மூன்று விடுமுறை வாரங்களும் திகதியுடன் இருக்கும். நான் மூடும் நான்கு வாரங்களுக்கு முன்கூட்டியே குறுக்குக் கோடு போட்டிருப்பேன். எந்த வாரம் வேண்டும், எது வேண்டாம் என்று குறித்து, பெப்ரவரியின் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வேண்டும் என்று குறித்த வாரத்துக்குப் பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் முழுக் கட்டணம். வேண்டாம் என்று குறித்த வாரத்தை நான் வேறு பிள்ளைக்குக் கொடுப்பேன். ஆனாலும் செப்டெம்பரில் அந்தப் பிள்ளை திரும்பி வருவதற்கான இடத்தைக் காக்க வேண்டுமல்லவா? அதற்காகத் தவணைக் கால வாரக் கட்டணத்தில் பாதியை மட்டும் வாங்குவேன். உங்கள் கணக்கில் வாரத்துக்கு 105 பவுண் என்றால் பாதி 52 பவுண் 50 பென்ஸ்.

நான் மூடும் வாரங்களுக்கு ஒரு பென்ஸும் எடுப்பதில்லை. முன்பு எடுத்தேன். ஒரு தாய், தன் வேலையிடத்தில் சம்பளமில்லாத விடுப்பெடுத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு எனக்கும் கட்டுகிறேன் என்று அழுதபோது நிறுத்திவிட்டேன். நமக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு இல்லை என்பது உண்மைதான். அதை மணிக்கட்டணத்துக்குள் சேர்த்துக்கொள்வதே நேர்மையான வழி என்பது என் முடிவு.

ஈஸ்ட்ஹாம் அம்மா, 10 நவம்பர்

நான் பராமரிப்பாளர் அல்ல, கட்டணம் கட்டும் தாய். எங்கள் பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் மாறுநேர வேலை செய்கிறேன். எந்த நாள் வேலை, எந்த நாள் ஓய்வு என்பது இரண்டு வாரத்துக்கு முன்தான் எனக்கே தெரியும். ஜனவரியில் ஓகஸ்டுக்குக் கோடு போடச் சொன்னால் எப்படிப் போடுவேன்? வேண்டும் என்று குறித்தால் வராத நாளுக்கும் காசு. வேண்டாம் என்று குறித்தால் வேலைக்குப் போக முடியாது. நாங்கள் யாரையும் ஏமாற்றுவதற்காகக் கடைசி நேரத்தில் சொல்வதில்லை, அக்கா.

தொகையும் பாரம்தான். ஜூனில் ஒரு பிள்ளைக்கு 440 பவுண்ணுக்குள் முடிந்த கணக்கு, ஓகஸ்டில் நான்கு வாரம் வந்தால் 1200 பவுண்ணாகிறது. எனக்கு இரண்டு பிள்ளைகள். சாப்பாட்டையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 2023 செப்டெம்பரிலிருந்து லண்டன் அரச ஆரம்பப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம் என்பதால் தவணைக் காலத்தில் அந்தச் செலவே எங்களுக்கு இல்லை. விடுமுறை தொடங்கிய அன்றே அது திரும்பி வருகிறது. என் பராமரிப்பாளர் கட்டணத்துக்குள் சாப்பாடு அடங்கும் என்று நான் நினைத்தேன், நான் கட்டிக் கொடுப்பேன் என்று அவர் நினைத்தார். முதல் நாள் மத்தியானம் மூத்தவன் மற்றப் பிள்ளையின் பெட்டியிலிருந்து பாதி சான்ட்விச் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். அன்று மாலை எங்கள் இருவருக்கும் பெரிய சங்கடம். ஆகவே எதை எழுதினாலும் சாப்பாட்டையும் அதில் எழுதுங்கள்.

மில்டன்கீன்ஸ் கணக்காளர், 10 நவம்பர்

பராமரிப்பாளர்கள் சிலருக்குக் கணக்கு எழுதுபவன் என்ற முறையில் ஒரு வழியைச் சொல்கிறேன். ஈஸ்ட்ஹாம் சகோதரியின் ஓகஸ்ட் பாரத்துக்கும் ஹரோ சகோதரியின் இழப்புக்கும் சேர்த்து மருந்தாகக் கூடியது, ஆண்டுக் கணக்கைப் பன்னிரண்டாகப் பங்கிடும் முறைதான்.

ஹரோ சகோதரியின் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். அரச பாடசாலையில் பிள்ளைகள் ஆண்டுக்கு 190 நாட்கள் போகிறார்கள். ஆசிரியர்கள் மட்டும் வரும் இன்செட் நாட்கள் ஐந்து. பின்னேரப் பராமரிப்பு 190 நாளுக்கு 21 பவுண் வீதம் 3990. இன்செட் நாள் ஐந்தும் முழு நாள் என்பதால் 300. விடுமுறை பதின்மூன்று வாரத்தில் பராமரிப்பாளர் மூடும் நான்கையும் பெற்றோர் தாமே பார்த்துக்கொள்ளும் ஒரு வாரத்தையும் கழித்தால் எட்டு வாரம், அதாவது 40 நாள், 2400 பவுண். மொத்தம் 6690. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 557 பவுண் 50 பென்ஸ். ஜனவரியிலும் ஓகஸ்டிலும் அதே தொகை. பெற்றோருக்கு அதிர்ச்சி இல்லை, பராமரிப்பாளருக்கு வறட்சி இல்லை. வங்கி விடுமுறை எட்டில் பெரும்பாலும் மே மாத முதல் திங்கள் மட்டுமே தவணைக்குள் விழுகிறது. அது 190 நாளுக்குள் சேராததால் அதைப் பற்றித் தனியாகத் தகராறு வராது.

பெற்றோர் தகுதியுடையவர்களாக இருந்தால் வரிவிலக்குப் பராமரிப்புக் கணக்கு, அதாவது டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கெயார், இந்த முறைக்கு நன்றாகப் பொருந்தும். அவர்கள் 8 பவுண் போட்டால் அரசு 2 பவுண் போடும். மேலே சொன்ன மாதத் தொகையில் பெற்றோர் போடுவது 446, அரசு சேர்ப்பது 111 பவுண் 50 பென்ஸ். அரசு சேர்க்கும் பணத்துக்கு மூன்று மாதத்துக்கு 500 பவுண் என்ற எல்லை உண்டு. இரண்டாயிரத்துக்கு மேல் ஒரே காலாண்டில் கொட்டினால் மிச்சத்துக்கு எதுவும் கிடைக்காது. ஆகவே கோடைக்கென்று சேர்ப்பவர்களும் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகப் போடுவதே நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தகுதியை மீள உறுதிப்படுத்த மறந்தால் கணக்கு நின்றுவிடும். மறப்பவர்கள் அதிகம். பராமரிப்பாளரும் அத்திட்டத்தில் இணைந்திருக்க வேண்டும்.

இந்த முறையில் ஒரேயொரு பொறி உண்டு. அது இடையில் விலகுவது. செப்டெம்பரில் தொடங்கி ஜூன் முடிவில் விலகும் குடும்பம் பத்து மாதத்தில் 5575 கட்டியிருக்கும். பெற்ற பராமரிப்போ, 174 பாடசாலை நாள், நான்கு இன்செட் நாள், 20 விடுமுறை நாள் என்று வைத்தால் 5094 தான். 481 பவுண் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். மாறாக ஜூலையில் தொடங்கிக் கோடை முழுவதும் பிள்ளையைப் பராமரிப்பில் விட்டு ஓகஸ்ட் முடிவில் விலகினால் கட்டியது 1115, பெற்றது 1596. அதே 481 இப்போது பராமரிப்பாளரின் கையை விட்டுப் போகிறது. விலகும் நாளில் கட்டியதையும் பெற்றதையும் ஒப்பிட்டு வேறுபாட்டை இரு பக்கமும் தீர்க்க வேண்டும் என்ற ஒரு வாக்கியம் ஒப்பந்தத்தில் இருந்தால் போதும். அது ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகமாக எழுதப்படக் கூடாது. 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி நியாயமற்ற ஒருபக்க நிபந்தனை பெற்றோரைக் கட்டுப்படுத்தாது.

ஈஸ்ட்ஹாம் அம்மா, 10 நவம்பர்

நன்றி. நான் குறைந்த வருமானக்காரருக்கான அரச உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட் பெறுகிறேன். எனக்கும் இது பொருந்துமா?

மில்டன்கீன்ஸ் கணக்காளர், 11 நவம்பர்

இரண்டையும் ஒன்றாகப் பெற முடியாது, சகோதரி. யூனிவர்சல் கிரெடிட்டில் பராமரிப்புச் செலவின் 85 சதவீதம் வரை கிடைக்கும். ஆனால் அதற்கு மாத உச்சவரம்பு உண்டு. பொதுவாக நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகுதான் அறிவிக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளின் கோடைத் தொகை ஒரே மாதத்தில் விழுந்தால் உச்சவரம்பைத் தாண்டி நட்டமாகலாம். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரையான பராமரிப்புக்கு எவ்வளவு என்று பற்றுச்சீட்டில் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். மாதப் பங்கீட்டுக்கு மாறும் முன், உதவித்தொகை அலுவலகத்தில் உங்களுக்குப் பொறுப்பான வேர்க் கோச்சிடம் அந்த ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

குரோய்டன் பராமரிப்பாளர், 13 நவம்பர்

பாடசாலைக்குப் போகாத சின்னப் பிள்ளைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. விடுமுறை அவர்களுடைய கட்டணத்தையும் பாதிக்கிறது. காரணம் அரசு நிதியளிக்கும் இலவசப் பராமரிப்பு மணித்தியாலங்கள். இந்த செப்டெம்பரிலிருந்து வேலை செய்யும் தகுதியுள்ள பெற்றோருக்கு ஒன்பது மாதப் பிள்ளையிலிருந்தே வாரம் 30 மணித்தியாலம் கிடைக்கிறது. ஆனால் அது 38 வாரத்துக்குத்தான். பல பெற்றோர் இதை ஆண்டு முழுவதற்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். ஜூலைக் கடைசியில் நான் முழுக் கட்டணப் பட்டியலைக் கொடுத்தபோது, ஒரு தகப்பன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நெடுநேரம் பேசாமல் நின்றார். அவரிடம் முன்பே சொல்லாதது என் பிழை.

இப்போது சேரும்போதே இரண்டு வழிகளையும் எழுதிக் காட்டுகிறேன். ஆண்டுக்கு மொத்தம் 1140 மணித்தியாலம். நான் ஐந்து வாரம் மூடுவதால் அதை 47 வாரத்துக்குப் பரப்பினால் வாரம் 24 மணித்தியாலமும் கால் மணியும் வரும். வாரம் 30 மணித்தியாலம் வரும் பிள்ளைக்கு மிகுதி ஐந்தே முக்கால் மணிக்கு, மணிக்கு 7 பவுண் வீதம் சுமார் 40 பவுண் வாராவாரம் கட்டினால் போதும். பரப்பாவிட்டால் ஒன்பது வாரத்துக்கு வாரம் 210 பவுண் கட்ட வேண்டும். ஆண்டு முடிவில் இரண்டும் ஏறத்தாழ ஒரே தொகைதான். மாதச் சம்பளக்காரருக்கு முதல் வழியே நிம்மதி என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். நிதியளிக்கப்பட்ட மணிக்கு மேலதிகக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்பதையும், சாப்பாடு போன்றவற்றுக்குக் கேட்பது பெற்றோரின் விருப்பத்துக்கு உட்பட்டது என்பதையும் புதியவர்கள் கவனிக்க வேண்டும். பாடசாலையின் முதல் வகுப்பான ரிசெப்ஷனில் சேர்ந்ததும் இந்த நிதி நின்றுவிடும்.

புதிய பராமரிப்பாளர், வெம்ப்ளி, 14 நவம்பர்

ஒரு யோசனை. வடமேற்கு லண்டனில் இருக்கும் நம்மவர்கள் எல்லோரும் சேர்ந்து விடுமுறை நாளுக்கு ஒரே கட்டணத்தை முடிவு செய்தால், பெற்றோர் ஒருவரைக் காட்டி இன்னொருவரிடம் பேரம் பேச மாட்டார்கள் அல்லவா?

மில்டன்கீன்ஸ் கணக்காளர், 14 நவம்பர்

தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். தனித்தனியாகத் தொழில் செய்பவர்கள் கூடிப் பேசி விலையை நிர்ணயிப்பது 1998 ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்துக்கு மாறானது. சிறு தொழில் என்பதால் விலக்குக் கிடைத்துவிடும் என்று நம்பி இறங்க வேண்டாம். கட்டணத்தை அரசோ ஒஃப்ஸ்டெட்டோ நிர்ணயிப்பதில்லை. உங்கள் செலவைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். ஒழுங்கு செய்யும் முறையைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை, தொகையை ஒருமித்து வைப்பதுதான் தவறு.

டூட்டிங் அக்கா, 15 நவம்பர்

ஈஸ்ட்ஹாம் தங்கச்சி சொன்னதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். மாறுநேர வேலைக்காரருக்கு என் ஜனவரித் தாள் நியாயமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் ஒரு தாதியின் பிள்ளை இருந்தபோது வேறு ஏற்பாடு செய்தேன். கோடையில் வாரத்துக்கு மூன்று நாள் நிச்சயம் என்று எழுதிக்கொண்டோம். எந்த மூன்று நாள் என்பதை இரண்டு வாரத்துக்கு முன் அவர் சொல்வார். நாள் மாறினாலும் தொகை மாறாது. இதற்காக நான் ஐந்து நாளும் ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்க வேண்டியிருந்ததால் நாளொன்றுக்குச் சிறிது கூட்டி வாங்கினேன். அவரும் மறுக்கவில்லை. அது எல்லோருக்கும் கொடுக்கக் கூடிய ஏற்பாடு அல்ல, ஒரு நேரத்தில் ஒரு குடும்பத்துக்குத்தான் கொடுக்க முடியும்.

இன்னொன்று. பெற்றோர் நம்மை அக்கா என்று கூப்பிடுகிறார்கள், பிள்ளை நம்மை மாமி என்று கூப்பிடுகிறது, பிறந்தநாளுக்குக் கேக் கொண்டு வருகிறார்கள். அதன் பிறகு காசைப் பற்றிக் கதைக்க நமக்கும் கூச்சம், அவர்களுக்கும் கூச்சம். அந்தக் கூச்சத்தால் ஒப்பந்தத்தையே எழுதாமல் விட்ட பராமரிப்பாளர்கள் பலரை எனக்குத் தெரியும். பிறகு கடைசியில் உறவும் முறிந்து காசும் போனது. பிள்ளை சேரும் முதல் நாளிலேயே, தேநீருடன் மேசையில் வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அன்று பத்து நிமிடம் இருக்கும் சங்கடம் பிறகு வராது.

லெஸ்டர் தந்தை, 16 நவம்பர்

ஒரு சிறு குறிப்பு மட்டும். எங்கள் மூத்த மகள் அகாடமியிலும், அதாவது கவுன்சிலின் கீழ் வராத அரச பாடசாலையிலும், இளையவன் கவுன்சில் பாடசாலையிலும் படிக்கிறார்கள். அகாடமிகள் தங்கள் தவணைத் திகதிகளைத் தாமே தீர்மானிக்கலாம். ஒக்டோபர் அரைத்தவணை விடுமுறை இருவருக்கும் வேறு வேறு வாரத்தில் வந்தது. எங்கள் ஒப்பந்தத்தில் “அரைத்தவணை வாரம்” என்று மட்டும் இருந்ததால் எந்த வாரம் என்று தெரியாமல் குழம்பினோம். ஆகவே பெயரைப் போடாமல் திகதியைப் போடுங்கள். இன்செட் நாட்களையும் பாடசாலை இணையதளத்தில் பார்த்து எழுதிவிடுங்கள்.

ஹரோ பராமரிப்பாளர், 7 மார்ச் 2026

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. என்ன செய்தேன் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆண்டு முழுவதும் வரும் மூன்று குடும்பங்களுக்குப் பன்னிரண்டு மாதப் பங்கீட்டை எழுதினேன். விலகும்போது இரு பக்கமும் கணக்குத் தீர்க்கும் வாக்கியத்தையும் சேர்த்தேன். தவணைக்கு மட்டும் வரும் இரண்டு குடும்பங்களுக்கு டூட்டிங் அக்காவின் தாளைப் பின்பற்றினேன். பாடசாலைப் பிள்ளைகளின் விடுமுறைச் சாப்பாடு வீட்டிலிருந்து வரும், சிற்றுண்டியும் பழமும் பாலும் என் பொறுப்பு என்று எழுதினேன். அருங்காட்சியகம், பூங்கா என்று போகும் நாட்களுக்குத் தனிக் கட்டணம் வைக்கவில்லை. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு நுழைவு இலவசம், 11 வயதுக்குட்பட்டோருக்கு லண்டன் பேருந்திலும் கட்டணமில்லை. அதற்குக் காசு கேட்க எனக்கு மனம் வரவில்லை. உடன்பிறந்தவர்கள் இருவர் வந்தால், இருவரின் தொகைகளில் குறைந்ததில் 10 சதவீதம் கழிவு கொடுத்தேன்.

ஒரு குடும்பம் ஒரு வரியை மாற்றச் சொன்னது. நான் நோயுற்று மூடினால் என்ன என்று நான் எழுதவே இல்லை. அன்றைய கட்டணத்தைக் கழிப்பதாகச் சேர்த்தேன். அவர்கள் கேட்டது சரியே.

நல்லூருக்குப் போன அந்தக் குடும்பமும் தாளை வாங்கிச் சென்றது. பெப்ரவரி 27 ஆம் திகதி தாய் தானே கொண்டுவந்து தந்தார். கோடையில் நான்கு வாரத்துக்கு வேண்டாம் என்று குறித்து, நான்கு வாரத்துக்கும் பாதித் தொகையாக 210 பவுண் என்று கீழே அவரே கூட்டி எழுதியிருந்தார். சென்ற ஆண்டு இப்படி ஒரு தாள் இருந்திருந்தால் எங்களுக்கும் தெரிந்திருக்கும் என்றார். அந்த நான்கு வாரத்துக்கும் நேற்று முன்தினம் வேறொரு பிள்ளை பதிவாகிவிட்டது. இன்னொரு கொளுக்கி அடிக்க வேண்டும்.